பின் பிரேக்கும் இரண்டு ஆம்பளைகளும்

"உன் தம்பிகிட்ட அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானரைக் கேளு."

தம்பி காருக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தான். அவள் கணவர் இந்தப் பக்கம். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தியும் அந்தக் காரின் முதுகு நெஞ்சுயரத்துக்கு வரவில்லை. ஒருவர் பெருமூச்சு விட்டால் மற்றவர் முகத்தில் படும். அப்படியும் பேச்சு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த அவளைச் சுற்றிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தது.

"மாமா பதினாலு கேக்கிறார்டா."

"அவர் கால் பக்கத்துலதான் கிடக்குது. குனிஞ்சு பார்க்கச் சொல்லுக்கா."

"உங்க கால் பக்கத்துல கிடக்குதாம்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. நான் ஒண்ணும் செவிடு இல்லைன்னு சொல்லு."

அதை அவள் சொல்லவில்லை. எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று பார்த்துப் பார்த்தே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அவளுக்கு வேலை ஒரு சரக்குக் கிடங்கில். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். மூட்டையும் பெட்டியுமாகத் தூக்கி அடுக்கி, அடுக்கியதை இறக்கி, இறக்கியதை மறுபடி தூக்கி, அங்கே அவளுக்குத் 'தூக்கி' என்றே பேர். கொஞ்சம் வேகமாகப் போனால் மேற்பார்வையாளர் விசில் ஊதுவார். ஆமை வேகத்திலேயே ஆயுசு முடிந்துவிடக் கூடாது என்றுதான், எங்கேயோ கவிழ்ந்து நசுங்கிக் கிடந்த இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை இழுத்து வந்தாள். கணவர் லேத்துப் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறவர். தம்பி பஸ் டிப்போவில் பிரேக் ஃபிட்டர். வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வைத்து அந்தக் காருக்கு உயிர் கொடுத்தது அவர்கள் இருவரும்தான். அப்போதெல்லாம் மாமா, மச்சான் என்று ஒரே குழைவு. ஒரு கிளாஸ் டீயை இரண்டாக ஊற்றிக் குடித்த ஆட்கள்.

ஊருக்கு வெளியே குன்றின் மேல் ஏறுகிற ரோட்டை, மோட்டார் கிளப்காரர்கள் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அடைத்துவிட்டுப் பந்தயம் வைப்பார்கள். ஒவ்வொரு காராகக் கீழிருந்து விட்டு, உச்சிக்குப் போய்ச் சேரும் நேரத்தைப் பார்ப்பார்கள். ஏறும் வழியில் கற்சுவரை ஒட்டி ஒரு வளைவு. அதற்கு முன்னால் பிரேக்கை ஏறி மிதித்தே ஆகவேண்டும். போன பந்தயத்தில் அவள் மிதித்தபோது பின் பிரேக் ஒரு பக்கம் பிடித்தது, ஒரு பக்கம் கையை விரித்தது. கார் பம்பரமாகச் சுற்றி, சுவருக்கு முன்னால் அடுக்கியிருந்த டயர்களில் முட்டி நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டதோடு அவள் தப்பித்தாள். ஆனால் மூச்சிரைக்க ஓடிவந்த கணவர், கூடியிருந்த கூட்டத்தின் முன்னால் ஒரு போடு போட்டார்:

"பஸ்ஸுக்குக் கை வைக்கிறவனைக் காருக்குக் கை வைக்க விட்டா இப்படித்தான்."

தம்பி இரண்டடி தள்ளி நின்றிருந்தான். முகம் கறுத்துப் போனது. திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை போட்டு முடிந்திருக்கும். வாயை மூடிக்கொண்டதால் வளர்ந்தது.

கிளப்பின் சோதனைக்காரர் கண்ணாடியில் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். பின் பிரேக்கும் ஹேண்ட் பிரேக்கும் சரியாகாமல் வண்டி மலையேறக் கூடாது. இந்தக் காருக்கான பின் பிரேக் சாமான்களை இப்போது யாரும் செய்வதில்லை. எனவே கலப்படம்தான் கதி. பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் தம்பி அலசிப் பார்த்துக் கொண்டுவந்தான். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க், ஒரு சரக்கு வேனுடையது. டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர், ஒரு பெரிய குடும்பக் காருடையது. ஹேண்ட் பிரேக் கேபிள் எந்த வண்டியுடையது என்று உடைக்கிறவருக்கே தெரியவில்லை. இந்த மூன்றையும் இந்தக் காரோடு முடிச்சுப் போட, கனத்த இரும்புப் பட்டையில், கேலிப்பரைத் தாங்கும் ப்ராக்கெட் வெட்டித் துளையிட்டுக் கொடுத்தவர் கணவர். ஒருவர் கொட்டகையை விட்டுப் போனபிறகு மற்றவர் வருவார். அவர் செய்து மேசையில் வைத்ததை இவன் எடுத்து மாட்டுவான். கைமாற்றுவதற்கு ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. அதைப் பார்த்து, பரவாயில்லையே, பேசாமலேயே வேலை நடக்கிறதே என்றுகூட அவள் நினைத்தாள். அந்த நினைப்புக்குத்தான் அவளைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பாக்கி இருந்தது ஏர் எடுக்கிற வேலை மட்டும். பிரேக் எண்ணெய் போகிற குழாயில் காற்று மாட்டியிருந்தால் பெடல் பஞ்சுமூட்டை மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கேலிப்பரில் இருக்கும் நிப்பிளைத் திருகித் திறந்து, காற்றை வெளியே விட்டு, மூட வேண்டும். மூடியபிறகுதான் மிதித்தவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும்.

"மிதிக்கா."

"மிதிச்சாச்சு."

"பிடி... பிடி... மூடியாச்சு. விடு."

சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது. ஒரு டின் எண்ணெய் தீர்ந்து இரண்டாவது டின்னும் பாதி ஆனது. பெடல் மட்டும் இறங்கிய இடத்திலிருந்து மேலே வரவில்லை. அவள் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் சோதனைக்காரர் முன்னால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். அவர் சரி என்றால் அப்படியே மலையேற்றம். சுவர் வளைவில் மிதிக்கப்போவது இதே பெடலைத்தான்.

"என்ன சொல்றான் உன் தம்பி?"

"ப்ராக்கெட் வளையுதோன்னு பார்க்கச் சொல்லுக்கா. இரும்பு வளைஞ்சாலும் பெடல் இப்படித்தான் அமுங்கும்."

"என் ப்ராக்கெட்டா? லாரியையே அதுல கட்டித் தொங்கவிடலாம்னு சொல்லு. வளையறது எதுன்னு எனக்குத் தெரியும்."

"என்ன தெரியுமாம்?" என்று தம்பி அவளிடம் கேட்டான்.

கணவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த கை.

அவள் சீட்டிலிருந்து இறங்கினாள். தரையில் கிடந்த அட்டையில் மல்லாந்து, சக்கரம் கழற்றிய இடத்தில் தலையை நுழைத்தாள். புது டிஸ்க் பளபளத்தது. கேலிப்பர் அதைக் கச்சிதமாகக் கவ்வியிருந்தது. காற்றை வெளியே விட நிப்பிளில் சொருகிய, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய், கேலிப்பரின் அடிவயிற்றிலிருந்து கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன்டா, இந்த நிப்பிள் அடியிலயா இருக்கும்?"

"பின்ன? அடியிலதான் இருக்கணும்." தம்பியின் குரலில் ஒரு பெருமை. "டிப்போவுல ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முதல் வேலையே அதான். காத்து டேங்குக்கு அடியில இருக்கிற திருகைத் திறந்தா சேர்ந்த தண்ணியெல்லாம் சர்ருன்னு இறங்கிடும். மேல வச்சிருந்தா எப்படி இறங்கும்? இந்தக் கேலிப்பரை மாட்டினப்ப நிப்பிள் கரெக்டா அடியில வந்து உட்கார்ந்துச்சு. அப்பவே நினைச்சேன், அமைஞ்சு போச்சுன்னு."

"பஸ்ஸுல காத்துக்குள்ள தண்ணி. அது கீழ இறங்கும்."

"ஆமா."

"இதுல எண்ணெய்க்குள்ள காத்து."

"ஆமா."

"காத்து கீழயாடா இறங்கும்?"

தம்பி குனிந்தான். கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான். மத்தியானத்திலிருந்து அவர்கள் எண்ணெயை எண்ணெயாகவே வடித்துக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். காற்று மேலே, கேலிப்பரின் உச்சியில் சொகுசாகக் குடியிருந்திருக்கிறது.

"அடச்சே," என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். எண்ணெய்க்கறை நெற்றியில் ஒட்டியது. "அப்போ இது எப்படிக்கா அடியில வந்துச்சு? இடதுன்னு எழுதியிருந்ததை இடதுலதானே போட்டேன்?"

"அந்தக் குடும்பக் காருல கேலிப்பர் டிஸ்குக்குப் பின்னால இருக்கும்," என்றார் கணவர், கொட்டகைச் சுவரைப் பார்த்து. "இந்தக் காருல பின்னால இடமில்லை. அதனால ப்ராக்கெட்டை முன்னால வர்ற மாதிரி வெட்டியிருக்கு. பின்னால இருந்தது முன்னால வந்தா தலைகீழாயிடும். இடதை வலதுலயும் வலதை இடதுலயும் போடணும். மாத்திப் போட்டா நிப்பிள் மேல வந்துடும்."

கணக்கு ஒப்பிக்கிற மாதிரி, திக்காமல் திணறாமல் வந்தது. அவள் அட்டையில் படுத்தபடியே அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"எது?"

"மழுப்பாதீங்க. எப்பத் தெரியும்?"

"ப்ராக்கெட் வெட்டும்போதே தெரியுமே. அப்படித்தானே வெட்டினேன்."

"இவன் தப்பா மாட்டியிருக்கிறது?"

துணி இன்னொரு கைக்கு மாறியது. "நேத்து பார்த்தேன்."

கொட்டகையின் தகரம் வெயிலில் டொக் டொக்கென்று விரிந்துகொண்டிருந்தது. அவள் எழுந்து நின்றாள். முதுகில் அட்டையின் தூசி. சத்தம் போடுவாள் என்று இரண்டு பேருமே எதிர்பார்த்தார்கள். அவள் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நேத்தே பார்த்தீங்க. மத்தியானத்திலிருந்து நான் மிதிச்சு மிதிச்சு கால் செத்துப்போச்சு. பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டிருந்தீங்க."

"அவன் வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும்னு இருந்தேன். கேட்டா சொல்லியிருப்பேன். நான் என்ன, வழிய வழியப் போய்..."

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா, நாளைக்கு நீ வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி..."

"எப்ப முன்னாடி? கொடியை அசைச்ச பிறகா? சுவர் வந்த பிறகா?"

தம்பி, "விடுக்கா," என்று ஆரம்பித்தான்.

"நீ வாயை மூடு. அவர் ப்ராக்கெட்டைப் புரட்டி வெட்டியிருக்கார். அதைக் கையில எடுத்துப் பார்த்தவனுக்கு, ஏன் மாமா இப்படின்னு ஒரு கேள்வி கேக்க வாய் வரலை. கேட்டா உன் கிரீடம் கழண்டு விழுந்திருக்கும். ரெண்டு பேருக்கும் ரோஷம் பெரிசு. நடுவுல மிதிக்கிறவ என்ன ஆனா உங்களுக்கென்ன?"

அவள் காரின் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டாள். மூலையில் இருந்த காலி எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"மாத்திப் போடுங்க. நீங்க சீட்டுல உட்கார்ந்து மிதிங்க. இவன் நிப்பிளைத் திறக்கட்டும். இந்தத் தபால் ஆபீஸ் இன்னியோட மூடியாச்சு."

கேலிப்பர்களைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டும்வரை ஒரு பேச்சும் இல்லை. கழற்றியதை ஒருவர் நீட்ட, மற்றவர் வாங்கினார். நிப்பிள்கள் இரண்டும் மேல்நோக்கி வந்து நின்றன. பிறகு கணவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தம்பி பின்சக்கரத்துக்கு அருகில் குந்தினான்.

தம்பி நிப்பிளில் குழாயைச் சொருகினான்.

"மிதிக்கச் சொல்லுக்கா."

அவள் டிரம்மில் காலை ஆட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

தம்பி ஸ்பானரால் காரின் உடம்பில் ஒரு தட்டுத் தட்டினான். டங். கணவருக்குப் புரிந்தது. மிதித்தார். பதிலுக்கு ஸ்டியரிங்கில் ஒரு தட்டு. தம்பி திறந்தான், மூடினான், இரண்டு தட்டுத் தட்டினான். அவர் காலை எடுத்தார். அவளுக்கு வயிற்றெரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. பேசிவிடக் கூடாது என்பதற்காக ஒரு புது மொழியையே கண்டுபிடித்துவிட்டார்களே!

ஆனால் அந்த மொழிக்கு ஆயுசு கம்மி. திறப்பதற்காக ஸ்பானரைத் தம்பி நிப்பிளில் மாட்டியபோது, அது வழுக்கிக் காரின் உடம்பில் இரண்டு முறை இடித்தது. டங், டங். ஏற்கெனவே மிதித்துப் பிடித்திருந்த கணவர், அதை விடச் சொல்லும் தட்டென்று எண்ணிக் காலை எடுத்தார். என்னவோ தப்பு என்று தோன்றவே அவசரமாக மறுபடி மிதித்தார். அதற்குள் தம்பி நிப்பிளைத் திறந்திருந்தான். குழாய் பிய்த்துக்கொண்டு போய், எண்ணெய் பீச்சியடித்து அவன் முகத்தில் இறங்கியது.

"யோவ் மாமா! பிடின்னா பிடிய்யா! காலா அது, கட்டையா?"

"யாரை யோவ்ங்கிற? நீதானேடா தட்டினே!"

"தட்டலைய்யா, வழுக்கிடுச்சு!"

"வழுக்கிடுச்சுன்னா வாயைத் திறந்து சொல்லணும்! வாய்க்கு என்ன பூட்டா போட்டிருக்கு?"

"பூட்டுப் போட்டது யாரு? ஊரே பார்க்க, பஸ்ஸுக்குக் கை வைக்கிறவன்னு சொன்னது யாரு? அந்தப் பழைய கேலிப்பர் துருப்பிடிச்சு ஒட்டியிருந்ததுன்னு உங்களுக்கும் தெரியும்தானே? வேற பார்ட் இல்லைன்னு தெரியும்தானே?"

"தெரியும்டா!" கணவர் கதவு வழியாகத் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். "கார் சுத்தினதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடலை. வாய்தான் ஓடுச்சு. அதைப் போய் இத்தனை நாள் மூட்டை கட்டிச் சுமந்துக்கிட்டுத் திரியறே!"

"ஓடின வாய் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"இப்ப என்ன? விழணுமா கால்ல?"

"கால்ல விழ வேண்டாம். காலை எடுக்காம இருங்க, போதும்."

அவள் ஒரு துணியைத் தம்பி மேல் வீசினாள். பிரேக் எண்ணெய் கண்ணில் பட்டால் ஆகாது. அவன் குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு கொட்டகையில் ஒரே சத்தம். மிதிங்க. மிதிச்சாச்சு. பிடிங்க. பிடிச்சிருக்கேன்டா, சீக்கிரம். மூடியாச்சு, விடுங்க. கண்ணாடிக் குழாயில் குமிழிகள் கூட்டம் கூட்டமாக வந்து, பிறகு ஒன்றிரண்டாகி, பிறகு நின்றன. கணவர் பெடலை மிதித்தார். கால் பாதியில் தடைபட்டு நின்றது.

"கல்லு மாதிரி இருக்கு," என்றார். முதலில் அவளிடம் சொல்லத் திரும்பி, மாற்றிக்கொண்டு தம்பியிடம் சொன்னார்.

சோதித்துப் பார்க்க இடம் கிடங்கின் பின்வாசல் மைதானம்தான். இரண்டு தெரு தள்ளி. லாரிகள் திரும்புவதற்காகப் போட்ட நீளமான சிமெண்டுத் தரை. சனிக்கிழமை மாலையில் ஒரு ஈ காக்கை இருக்காது. காவல்காரர் கேட்டைத் திறந்தபடி, "தூக்கி, இங்கயும் தூக்கிட்டுப் போயிடாதே," என்றார்.

தம்பி மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டான். அவள் கணவரைப் பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னாள். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"நான் எதுக்கு? வெளியே நின்னா நல்லாத் தெரியும்."

"வெளியே நின்னா பார்த்ததைச் சொல்ல மாட்டீங்க. உட்காருங்க."

உட்கார்ந்தார். அவள் வேகம் எடுத்து, மைதானத்தின் நடுவில் ஏறி மிதித்தாள். கார் நின்றது. ஆனால் நிற்பதற்கு முன் பின்பக்கம் கிரீச்சென்று விலகி, வாலை ஒரு ஆட்டு ஆட்டியது. பெரிய வண்டியின் பிரேக் அல்லவா. முன்சக்கரம் பிடிப்பதற்கு முன்னால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. இது நடக்கும் என்று தம்பிக்குத் தெரியும். பின்னால் போகும் எண்ணெயின் அழுத்தத்தைக் குறைக்க ஒரு திருகு வால்வு வைத்திருந்தான். அவள் எதுவும் சொல்லும் முன்பே கணவர் கண்ணாடியை இறக்கினார்.

"பின்னாடி முந்திப் பிடிக்குதுடா! ரெண்டு சுத்து உள்ள திருகு!"

"உள்ள திருகினா இன்னும் கூடும் மாமா! வெளியே!"

"அப்போ வெளியே திருகு! என்கிட்ட என்ன கேள்வி!"

தம்பி திருகினான். அடுத்த ஓட்டத்தில் வால் கொஞ்சம்தான் ஆடியது. இன்னும் ஒரு சுற்று. அதற்கடுத்த ஓட்டத்தில், கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தபடி மிதித்தாள். நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் தம்பியைப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னாள். முக்கிப் பார்த்தான், அசையவில்லை.

"முடிஞ்சுது," என்றான் தம்பி, கதவருகில் வந்து. "இனி அந்தச் சோதனைக்காரர் என்ன சொல்றார் பார்ப்போம்."

அவள் காலுக்கடியில் பெடல் கெட்டியாக இருந்தது. நாளைக்கு இது போதும் என்றுதான் அவளும் நினைத்தாள். இறங்கக் கதவைத் திறந்தபோது கணவர் தொண்டையைச் செருமினார்.

"நிக்கும்போது இடது பக்கம் ஒரு சின்னச் சத்தம் வந்துச்சு. டக்குன்னு."

"எனக்குக் கேக்கலையே."

"கேக்காது. எனக்குக் கேக்கும்." அவர் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் ப்ராக்கெட்தான். அந்தப் பக்கத்துத் துளை ஒரு மயிரிழை பெரிசாப் போயிடுச்சு. போல்ட்டு அதுல ஆடுது. இன்னிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நாளைக்கு நீ மிதிக்கிற மிதிக்குத் தாங்குமான்னு சொல்ல முடியாது. துளைக்குள்ள இறுக்கமா உட்கார்ற மாதிரி வளையம் ஒண்ணு, புஷ், கடைஞ்சு போடணும்."

யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் கதவை மறுபடி சாத்தினாள்.

"அது..." என்று தம்பி தலையைச் சொறிந்தான். "போல்ட்டு மாட்டறப்ப அது கொஞ்சம் லொடலொடன்னு இருந்துச்சு மாமா. எனக்கும் தெரியும். நீங்களா கண்டுபிடிச்சு அவமானப்படணும்னு..."

"அடப்பாவி," என்றார் கணவர்.

அவள் எஞ்சினை அணைத்தாள். இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தாள்.

"வேற?"

ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த வலது பக்கத்துக் கேபிள்," என்று தம்பி மெதுவாக ஆரம்பித்தான், "திரும்பறப்ப டயர்ல உரசுமோன்னு ஒரு சந்தேகம்."

"உரசும்," என்றார் கணவர். "ஒரு கிளிப் போடணும். அப்புறம் அந்த எண்ணெய்ப் பைப்பு வளைச்ச இடம்..."

"அது நான் வளைச்சதுதானே? அதுல என்ன?"

"சொல்றேன் இரு. கோபப்படாம கேளு."

அவள் சீட்டில் சாய்ந்துகொண்டு, ஒன்று விடாமல் கேட்டாள்.